கல்வெட்டிலும் பத்திரத்திலும் பெண்

ஒரு நாட்டுப் பெண்கள் முற்காலத்தில் எவ்வாறு வாழ்ந்தனர் என்று அறிய விரும்புவோர் பெரும்பாலும் இலக்கியத்தையே முதலில் நாடுகின்றனர். சங்க காலத்துப் பெண்பாற் புலவர்களை எண்ணி மகிழ்கின்றனர். காப்பியத் தலைவியரின் பெருமையை வியக்கின்றனர். பின்னர் வந்த சில நூல்களைப் படித்து மனம் வருந்துகின்றனர். மகிழ்வதும் வருந்துவதும் தவறன்று. ஆயினும், புலவன் தான் கண்டதை மட்டுமா பாடுகிறான்? காண விரும்பியதையும் சேர்த்தே பாடுகிறான். பத்திரம் எழுதுகிறவனுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார், எவ்வளவு, எந்த நான்கெல்லைக்குள், யார் சாட்சி என்பவற்றை அவன் பிழையின்றி எழுதியாக வேண்டும். ஆகவே இன்று நான் உங்களிடம் காவியத்தை விடுத்துக் கல்வெட்டையும் பத்திரத்தையும் பற்றிப் பேச எண்ணுகிறேன். நாம் கேட்கப்போகும் கேள்வி ஒன்றே. தன் பெயரில் ஒரு பொருளை வைத்துக்கொள்ளவும், தன் விருப்பப்படி அதைப் பிறருக்குக் கொடுக்கவும் தமிழ்ப் பெண்ணால் எப்போது முடிந்தது? எப்போது முடியாமற் போயிற்று?

சங்க காலத்தைப் பற்றி இந்த வகையில் அதிகம் சொல்வதற்கில்லை. அக்காலத்தில் பெண்கள் உப்பு விற்றனர், மீன் விற்றனர், கள் விற்றனர், தினைப்புனம் காத்தனர் என்பதெல்லாம் பாடல்களிலிருந்து தெரிகின்றன. துணையிழந்த பெண்கள் இரவில் விளக்கொளியில் பஞ்சு நூற்று வயிறு வளர்த்தனர் என்பதும் தெரிகிறது. காக்கைபாடினியார் நச்செள்ளையாருக்குச் சேர மன்னன் ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணமும் கொடுத்தான் என்று பதிற்றுப்பத்தின் பதிகம் கூறுகிறது. பதிகம் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்பர் அறிஞர். அப்பொன்னை அப்புலவர் என்ன செய்தார், அது அவருக்குப்பின் யாரைச் சேர்ந்தது என்பதை நாம் அறியோம். உழைப்பு தெரிகிறது, பரிசும் தெரிகிறது, உரிமை தெரியவில்லை.

உரிமையின் முகம் தெரியத் தொடங்குவது கோயிற் சுவர்களிலேதான். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு மாணவர்கள் பலர் சுற்றுலாவாகப் போகிறார்கள். விமானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள், நந்தியின் அளவைக் கேட்டு வியக்கிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை போகும்போது கற்களின் மேல் உள்ள எழுத்தைச் சிறிது நேரம் நின்று பாருங்கள். தான் கொடுத்தவற்றோடு தன் தமக்கை கொடுத்தவற்றையும், தன் தேவிமார் கொடுத்தவற்றையும், பிறர் கொடுத்தவற்றையும் கல்லிலே வெட்டுக என்று இராசராசன் ஆணையிட்டிருக்கிறான். அரசன் கொடுத்தால் அது அரசன் பெயரில். அக்கன் கொடுத்தால் அது அக்கன் பெயரில். இரண்டும் ஒன்றாகக் கலக்கவில்லை.

அந்தத் தமக்கையார் குந்தவைப் பிராட்டியார். தந்தை சுந்தர சோழரின் பெயர் விளங்கத் தஞ்சையில் ஓர் ஆதுலர் சாலையை, அதாவது மருத்துவ நிலையத்தை, ஏற்படுத்தியவர் அவர். இன்று தாதாபுரம் என வழங்கும் இராசராசபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் கோயில்கள் எடுத்தவரும் அவரே. இராசராசனின் பட்டத்தரசி உலகமாதேவியார் திருவையாற்றிலே தம் பெயரால் ஒரு கற்றளி கட்டினார். இவர்கள் அரச குடும்பத்தினர். இவர்களை வைத்துக்கொண்டு நாட்டுப் பெண்களின் நிலையை மதிப்பிடலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதே கோயிலின் திருச்சுற்றில் உள்ள மற்றொரு சாசனம் அதற்கு ஓரளவு விடை தருகிறது.

1014ஆம் ஆண்டளவில் வெட்டப்பட்ட அச்சாசனம் மிக நீண்டது. சோழ நாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்தும் கொண்டுவந்து தஞ்சையிலே குடியேற்றப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்ப் பட்டியல் அது. எந்தத் தெரு, தெருவில் எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், அவள் பெயர் என்ன என்று வீடு வீடாக எழுதிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடும் ஒரு பங்கும் உண்டு. ஒரு பங்கு என்பது ஒரு வேலி நிலத்திலிருந்து ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கப்படும் நூறு கலம் நெல். ஒருத்தி இறந்தாலும், வேற்றிடம் சென்றாலும், அவளுக்கு அடுத்த முறையினர் அந்தக் காணியைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும். அவர்கள் தகுதியற்றவரானால் தகுதியுள்ள ஒருவரை அமர்த்திப் பணி செய்வித்து நெல்லைப் பெறலாம். இன்றைய அரசு ஊழியர் விதிகளைப் படிப்பதுபோல் இருக்கிறது!

இதைக் கண்டு உடனே பொற்காலம் என்று கொட்டி முழக்கிவிடக் கூடாது. இது பணிக்கு ஈடாகத் தரப்பட்ட காணி; அவர்கள் விரும்பியவாறு விற்கக்கூடிய நிலமன்று. அப்பெண்களை ஆட்டுவித்த நட்டுவனார்களுக்கு இரண்டு பங்கு; ஆடியவளுக்கு ஒன்று. தங்கள் பிறந்த ஊரை விட்டுத் தஞ்சைக்கு வரச் சம்மதமா என்று அவர்களை எவரேனும் கேட்டனரா என்பதும் சாசனத்தில் இல்லை. என்றாலும், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நானூறு பெண்கள் தந்தை பெயராலும் கணவன் பெயராலும் அன்றித் தம் சொந்தப் பெயராலும் வீட்டு எண்ணாலும் அறியப்பட்டனர் என்ற செய்தி சிறிய செய்தி அன்று.

சோழர் காலத்தின் இரட்டை முகத்தைக் காண ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு கைம்பெண்களைப் பார்த்தால் போதும். ஒருவர் கண்டராதித்தரின் தேவி செம்பியன் மாதேவியார். கணவரை இழந்தபின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். செங்கற் கோயில்களாக இருந்த பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். இன்று கோனேரிராசபுரம் எனப்படும் திருநல்லத்தில் தம் கணவர் நினைவாகக் கோயிலெடுத்து, அவர் இறைவனை வழிபடும் கோலத்தையும் கல்லிலே செதுக்கச் செய்தார். அவர் பெயரால் ஓர் ஊரே நாகப்பட்டினத்திற்கருகில் இன்றும் இருக்கிறது. மற்றொருவர் சுந்தர சோழரின் தேவி, இராசராசனைப் பெற்ற வானவன் மாதேவியார். அவர் கணவனோடு தீயில் புகுந்தார். பால் மாறாத குழந்தையை விட்டு அவர் சென்றதைத் திருக்கோவலூர்ச் சாசனம் புகழ்ந்து பேசுகிறது. ஒரு கைம்பெண் நாற்பதாண்டுகள் கல்லைக் கலையாக்கினார். மற்றவர் ஒரு நாளில் சாம்பலானார். அக்காலத்து உலகம் இருவரையும் போற்றியது. அந்தப் போற்றுதலை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டுமானால் பொதுவாகத் தொண்ணூற்றாறு ஆடுகள் கொடுக்க வேண்டும். ஆடுகளைப் பெற்ற இடையன் நாள்தோறும் உழக்கு நெய் அளப்பான். ஆடுகள் பெருகியும் கழிந்தும் எண்ணிக்கை குறையாதிருக்கும் என்பதால் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். இவ்வாறு விளக்கு வைத்தவர்களில் அரண்மனை வேளத்துப் பெண்டாட்டிகளும் இருக்கின்றனர். வேளம் என்பது அரண்மனை ஏவற்பெண்டிர் குடியிருப்பு. அங்கிருந்தவர்களில் போரில் சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு. தன் உடல் தனக்கு உரிமையில்லாத நிலையிலும் தன் கையில் உள்ள பொன்னைக் கொண்டு ஆடு வாங்கி விளக்கு வைக்கும் உரிமை அவளுக்கு இருந்தது! மனித வாழ்க்கை நம் பாடநூற் பிரிவுகளுக்குள் அடங்குவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

திருவாரூரில் இன்னொரு செய்தி. முதலாம் இராசேந்திரனின் அனுக்கியார் பரவை நங்கையார் அங்கே பொன்னும் மணியும் வாரி வழங்கினார். அரசனும் அவரும் வழிபாட்டுக்காக நின்ற இடத்தில் ஒரு குத்துவிளக்கு வைக்கப்பட்டதாகச் சாசனம் கூறுகிறது. அவர் முறைப்படி மணந்த தேவியல்லர். அதனால் அவர் பெயரை மறைக்க வேண்டும் என்று அக்காலத்தவர் நினைக்கவில்லை.

இனி நாணயத்தின் மறுபுறம். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201ஆம் ஆண்டில், திருப்பாம்புரத்தில் பஞ்சம். ஒரு காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற காலம். அவ்வூர் வேளாளர் ஒருவர் தம்மையும் தம் பெண்மக்கள் இருவரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார். அச்சுவரில் உள்ளது கொடையன்று, விலை. சொத்துடையவளாகப் பெண் நின்ற அதே சுவர்களில் சொத்தாகவும் அவள் நிற்கிறாள். முன்னதை மட்டும் படித்துப் பெருமை பேசுவோரும் பின்னதை மட்டும் படித்து இழித்துப் பேசுவோரும் பாதிச் சுவரையே படித்தவர்கள்.

முதுகண் என்றொரு சொல்லும் சாசனங்களில் வருகிறது. பெண் நிலத்தை விற்கும்போதோ கொடுக்கும்போதோ அவள் சார்பில் நின்று பேசும் ஆடவனுக்கு அப்பெயர். கணவனாகவோ மகனாகவோ உடன்பிறந்தானாகவோ இருக்கலாம். எல்லாப் பெண்களுக்கும் எல்லாக் காலத்திலும் முதுகண் தேவைப்படவில்லை. ஆனால் இந்தச் சொல் வரும் இடங்களில் எல்லாம் நிலம் அவளுடையது, நாக்கு அவனுடையது என்றாகிவிடுகிறது. இடைக்காலச் சாசனங்களை எண்ணிக் கணக்கிட்டு லெஸ்லி ஓர் என்னும் ஆராய்ச்சியாளர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஒரு முடிவைக் காட்டியிருக்கிறார். சோழர் காலத்தின் பிற்பகுதியை நெருங்க நெருங்க, கொடையாளராக வரும் அரண்மனை மகளிரும் இல்லத்து மகளிரும் குறைகின்றனர். கோயிலைச் சார்ந்த பெண்களோ பெருகுகின்றனர். ஒரு வாயில் அடைபட்டுக்கொண்டிருந்தபோது மற்றொரு வாயில் திறந்திருந்தது. அந்த இரண்டாம் வாயிலும் பிற்காலத்தில் என்னவாயிற்று என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

விசயநகர காலத்துச் சாசனம் ஒன்றை மட்டும் குறிப்பிட்டு மேலே செல்கிறேன். 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், தேவராயர் ஆட்சியில், படைவீட்டு இராச்சியத்து அந்தணர்கள் கூடி ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். அது வேலூரை அடுத்த விரிஞ்சிபுரம் கோயிலில் உள்ளது. இனிப் பெண்ணைக் கன்னிகாதானமாகவே கொடுக்க வேண்டும். பெண்ணுக்காகப் பொன் வாங்குகிறவனும் கொடுக்கிறவனும் அரச தண்டனைக்கு உரியர், சாதியினின்றும் விலக்கப்படுவர் என்பது அதன் சாரம். கவனியுங்கள்: அன்று விலக்க வேண்டியிருந்தது மணமகன் வீட்டார் கொடுத்த பொன்னை. பிற்காலத்தில் மணமகள் வீட்டார் கொடுக்கும் பொன்னைத் தடுக்க 1961இல் வரதட்சணைத் தடைச் சட்டம் தேவைப்பட்டது. பணம் போகும் திசை மாறியிருக்கிறது, பேரம் மாறவில்லை.

இப்போது சிவகங்கைச் சீமைக்குப் போவோம். வேலு நாச்சியாரின் கதையை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் வீழ்ந்தார். நாச்சியார் திண்டுக்கல் பக்கத்து விருப்பாச்சியில் தங்கி, ஹைதர் அலியின் துணையையும் மருது சகோதரர்களின் வீரத்தையும் கொண்டு, 1780இல் சீமையை மீட்டார். அதே சீமையில் பின்னர் இன்னொரு நாச்சியாரும் ஒரு போர் செய்தார். அந்தப் போர் நெடியது, வாளின்றி நடந்தது, அதைப் பற்றி நாடகம் எவரும் எழுதியதாகத் தெரியவில்லை. அவர் பெயர் காத்தம நாச்சியார்.

1801இல் ஆங்கிலேயர் கௌரி வல்லபரைச் சிவகங்கை ஜமீன்தாராக்கினர். 1829இல் அவர் இறந்தார். ஆண்மகவு இல்லை, மனைவியரும் பெண்மக்களும் இருந்தனர். அவருடைய தமையன் மகன் வந்து, எங்கள் குடும்பம் பிரிவினையாகாத குடும்பம், ஆகவே ஜமீன் ஆண்வழியில் எனக்கே சேரும் என்று எடுத்துக்கொண்டார். மனைவியர் வழக்காடினர். ஒரு நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு, மறுநீதிமன்றத்தில் மற்றொன்று என்று வழக்கு இழுத்துக்கொண்டே போயிற்று. வழக்காடிய கைம்பெண்கள் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். மகள் காத்தம நாச்சியார் வழக்கை விடவில்லை. இறுதியில் 1863இல் லண்டனில் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. குடும்பம் பிரியாததாகவே இருந்தாலும் கௌரி வல்லபர் தாமாகப் பெற்ற ஜமீன் அவருடைய தனிச் சொத்து. தனிச் சொத்து ஆண்வாரிசு இல்லாதபோது மனைவியருக்கும், அவர்களுக்குப்பின் மகளுக்கும் சேரும் என்பது தீர்ப்பு. முப்பத்துநான்கு ஆண்டுகள்! வேலு நாச்சியாருக்கு எட்டாண்டுகள் போதுமாயிருந்தன.

சட்டம் படிக்கப்போகும் மாணவர்கள் இவ்வழக்கைச் சிவகங்கை வழக்கு என்று தம் நூல்களில் காண்பார்கள். ஆனால் அந்த வெற்றியை நாம் அளவோடுதான் கொண்டாட வேண்டும். மகளுக்குக் கிடைத்தது தனிச் சொத்து என்பதனால்தான். மூதாதையர் வழிக் கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்திருந்தால் அவர் தோற்றிருப்பார். மிதாட்சரம் என்னும் வடமொழி நூலைக் கோல்புரூக் என்பவர் 1810இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். இந்துக்களின் சொத்துரிமையைப் பற்றி ஆங்கிலேய நீதிபதிகள் அறிய விரும்பியபோது பெரும்பாலும் இத்தகைய நூல்களையே புரட்டினர். ஊருக்கு ஊர், குலத்துக்குக் குலம் வேறுபட்டிருந்த வழக்காறுகள், நீதிமன்றத்தில் தனியே மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, நூலின் விதிக்குப் பணிய வேண்டியதாயிற்று. அவ்விதியின்படி கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பினாலேயே உரிமை பெறுபவர் ஆண்மக்கள். பெண்ணுக்கு உண்பதற்கும் உடுப்பதற்கும் மணம் செய்விப்பதற்கும் மட்டுமே பாத்தியதை. கைம்பெண்ணுக்குச் சொத்து வந்தாலும் அவள் அதை ஆயுட்காலம் அனுபவிக்கலாம். மிக அவசியமான காரணமின்றி விற்கவோ கொடுக்கவோ கூடாது. அவளுக்குப்பின் அது கணவன் வழியினரைச் சேரும். ஆட்டைக் கொடுத்து விளக்கு வைத்த வேளத்துப் பெண்ணை இங்கே சற்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கடல் கடந்த தமிழரிடையேயும் இதற்கொப்பான ஒரு வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்துத் தேச வழமையை டச்சுக்காரர் 1707இல் எழுத்தில் தொகுத்தனர். தாயின் சீதனம் பெண்மக்களுக்கு, தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கு என்பது அதன் பழைய அடிப்படை. சீதனமாக வந்த வீடும் வளவும் பெண்வழியிலேயே இறங்கி வந்தன. அந்த அளவில் அங்குள்ள பெண் நம் பக்கத்துப் பெண்ணைவிட உறுதியான தரையில் நின்றாள். ஆயினும், மணமானவள் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். முதுகண் என்ற சொல் மறைந்துவிட்டது, முதுகண் மறையவில்லை.

நம்மிடம் திறந்திருந்த அந்த இரண்டாம் வாயிலுக்கு வருவோம். கோயிற் பெண்டிரின் குடும்பங்களில் சொத்து தாயிடமிருந்து மகளுக்குச் சென்றது. மகளைத் தத்தெடுக்கும் வழக்கமும் இருந்தது. ஆனால் நிலமும் மதிப்பும் தேய்ந்து, ஆதரிப்போரின் தயவை நம்பும் வாழ்க்கையாக அது சுருங்கியபோது, அக்குலத்துச் சிறுமிகளின் நிலை பரிதாபத்திற்குரியதாயிற்று. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி அம்மையாரின் தாயார் இம்மரபில் வந்தவர். அம்மையார் 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி மருத்துவரானார். பின்னர்ச் சென்னைச் சட்டமன்றத்தின் முதற் பெண் உறுப்பினரானார். அவருடைய முயற்சியால் 1929இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. அது செய்த காரியத்தைப் பலர் மறந்துவிடுகின்றனர். கோயிற் பணிக்காக அப்பெண்கள் அனுபவித்த மானிய நிலங்களைப் பணியினின்றும் விடுவித்து அவர்களுக்கே உரிமையாக்கிற்று. பொட்டுக்கட்டுவதை முற்றும் தடுக்கும் சட்டம் 1947இல்தான் வந்தது. முதலில் காலூன்ற நிலம், பிறகு தடை என்ற இந்த வரிசையை வகுத்தவரின் மருத்துவ அறிவை நான் எப்போதும் வியப்பதுண்டு.

அதே 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் செய்தது. அன்று அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். 1937இல் மத்தியச் சட்டம் ஒன்று, இறந்தவனின் மனைவிக்கு மகனோடு ஒத்த பங்கு உண்டு என்றது. ஆயினும் அது ஆயுட்கால உரிமையே. விவசாய நிலத்துக்கு அச்சட்டம் செல்லாது என்று நீதிமன்றம் கூறிவிட்டபடியால், சென்னை மாகாணம் 1947இல் தனிச் சட்டம் இயற்றி அதை நிலத்துக்கும் விரிக்க வேண்டியிருந்தது. நிலமே சொத்தாக இருந்த நாட்டில் நிலத்தை விட்டுவிட்டுச் சொத்துரிமை கொடுப்பது, சோற்றை விட்டுவிட்டு இலையைப் போடுவதுபோல. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா நிறைவேறாமல் தடைபட்டதும் ஒரு காரணமாக, 1951இல் டாக்டர் அம்பேத்கர் அமைச்சர் பதவியைத் துறந்தார். அம்மசோதா பின்னர்ப் பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, அவற்றுள் ஒன்றான இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பெண்ணின் கையிலிருந்த வரையறுத்த உரிமை முழு உரிமையாயிற்று.

இந்த இடத்தில் என் குடும்பத்துச் செய்தி ஒன்றைச் சொல்ல அனுமதி கேட்கிறேன். எனக்கு ஓர் அத்தைப்பாட்டி இருந்தார். என் பாட்டனாரின் தங்கை. பத்தொன்பதாம் வயதில் கணவரை இழந்தவர். கணவர் வீட்டார் அவருக்கு ஜீவனாம்சமாக இரண்டு மா நன்செய் எழுதிக்கொடுத்திருந்தனர். 1964 என்று நினைவு. நான் அப்போது பள்ளிச் சிறுவன். ஊர்ச் சிவன் கோயிலில் கால பூசைக்கு விளக்கெரிய வழியில்லாதிருந்தது. தம் நிலத்தில் ஒரு சிறு பகுதியை அதற்கு எழுதிவைக்க வேண்டும் என்று அத்தைப்பாட்டிக்கு ஆசை. கொழுந்தனாரின் மக்களிடம் கேட்டார். "பெரியம்மா, அந்த நிலத்தை நீங்கள் அனுபவிக்கத்தான் முடியும், கொடுக்க உங்களுக்குப் பாத்தியதை இல்லை. பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது," என்று அவர்கள் மரியாதையாகவே சொன்னார்கள். அவர்களும் அதை உண்மையென்றே நம்பியிருக்கலாம். அத்தைப்பாட்டி மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை. வரப்பிலிருந்த தென்னையில் காய் பறிக்கவும் அவர்களிடம் சொல்லியனுப்பிவிட்டே பறிப்பார்.

1971இல் அவர் காலமானார். பல்லாண்டுகள் கழித்து அந்தப் பத்திரம் என் கைக்கு வந்தது. ஜீவித காலம் வரை அனுபவித்துக்கொள்ளலாம், தானாதி வினிமய விக்கிரயங்களுக்குப் பாத்தியதை இல்லை என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. வழக்கறிஞரான நண்பரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "1956ஆம் வருஷத்துச் சட்டத்தின் பதினான்காம் பிரிவின்படி, அந்த வருஷத்திலேயே இந்த நிலம் முழுக்க அவருக்குச் சொந்தமாகிவிட்டது. ஜீவனாம்சத்துக்குக் கொடுத்த நிலத்தில் இப்படி எழுதிய கட்டுப்பாடு செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டும் 1977இல் துளசம்மா வழக்கில் சொல்லியிருக்கிறது," என்றார். பதினைந்து ஆண்டுகள் தம் சொந்த நிலத்தில் தேங்காய் பறிக்க அவர் பிறரிடம் அனுமதி கேட்டிருக்கிறார். சட்டம் டெல்லியிலிருந்து எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை.

அப்பத்திரத்தில் இன்னொன்றையும் கண்டேன். அத்தைப்பாட்டியின் பெயருக்கு முன்னால் தந்தை பெயர், கணவர் பெயர், விதவை என்ற சொல் எல்லாம் வந்தபின்னர்தான் அவர் பெயர் வருகிறது. கீழே பெருவிரல் ரேகை. தஞ்சைச் சுவரின் நானூறு பெயர்கள் அப்போது என் நினைவுக்கு வந்தன.

1956ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஓட்டைகள் இருந்தன. மூதாதையர் வழிச் சொத்தில் மகனுக்குப் பிறப்புரிமை இருந்தது, மகளுக்கு இல்லை. தந்தை வாழ்ந்த வீட்டில் ஆண்வாரிசுகள் குடியிருக்கும்வரை, அவர்களாகப் பிரிக்க முன்வந்தாலன்றி, மகள் பங்கு கேட்க முடியாது. பிறப்புரிமைக் குறையை ஆந்திரம் முதலில் நீக்கியது. தமிழ்நாடு 1989இல் நீக்கிற்று. ஆயினும் அவ்வாண்டு மார்ச் 25ஆம் நாளுக்கு முன்பே மணமாகிவிட்ட பெண்களுக்கு அது கிடைக்கவில்லை. ஒரே வீட்டில் அக்காளுக்குப் பங்கில்லை, தங்கைக்கு உண்டு என்ற நிலை பல குடும்பங்களில் ஏற்பட்டது. 2005 செப்டம்பர் 9ஆம் நாள் முதல் நாடு முழுவதும், மணமானவள் ஆகாதவள் என்ற வேறுபாடின்றி, மகள் மகனைப் போலவே பிறப்பால் பங்காளியானாள். குடியிருக்கும் வீட்டைப் பற்றிய தடையும் போயிற்று. அந்நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டுமா என்ற ஐயத்தை உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்த்தது. இருந்திருக்க வேண்டியதில்லை என்று கூறிவிட்டது. பங்காளி என்ற சொல்லுக்குப் பெண்பால் இதுவரை நம் மொழியில் தேவைப்படாமலே இருந்தது என்பதை இலக்கணம் பயிலும் மாணவர்கள் கவனிக்கலாம்.

சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. இனி, சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு நாள் காலைப்பொழுதைக் கழித்துப் பாருங்கள். விடுதலைப் பத்திரம் என்று ஒன்று பதிவாவதைக் காண்பீர்கள். தன் பங்கைத் தன் உடன்பிறந்தானுக்கு விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரம் அது. சகோதரிகள் நல்ல புடவை உடுத்தி வந்திருப்பார்கள். சிலர் பட்டதாரிகள், சிலர் நல்ல உத்தியோகத்தில் இருப்பவர்கள். அவர்களுக்கு உரிமை தெரியாமலில்லை. அவர்கள் போடும் கணக்கு வேறு. பங்கைக் கேட்டால் பொங்கலுக்குச் சீர் வராது. பிள்ளையின் காதணி விழாவுக்குத் தாய்மாமன் மடியில் உட்காரவைக்க ஆளிராது. கணவன் வீட்டில் ஒரு துன்பம் என்றால் போய்த் தங்கப் பிறந்தகம் இராது. நிலத்தை விற்றுக் கிடைக்கும் தொகையைவிட அந்தக் கதவு திறந்திருப்பது பெரிது என்று அவர்கள் கருதுகிறார்கள். அதை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உடன்பிறந்தானுக்கு இத்தகைய கணக்கு எதையும் போடவேண்டிய தேவை ஏன் ஏற்படுவதில்லை என்பதற்கும் எனக்கு விடை கிடைத்ததில்லை.

சென்ற ஆண்டு ஓர் உறவினரின் பத்திரத்துக்குச் சாட்சியாக நான் போயிருந்தேன். பதிவாளர் அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்து, "அம்மா, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழுச் சம்மதத்தோடுதானே எழுதிக்கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். அவர் ஒரு கணம் தமையனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தலையசைத்துவிட்டு, இடது கைப் பெருவிரலை ரேகைக் கருவியின் மேல் வைத்தார்.